அகஸ்ரினுக்கு வந்த நெஞ்சுநோ

கனடாவில், மல்வேர்ன் பக்கம் எங்கள் சனம் குடியிருந்த மாடிக் கட்டடங்களில் அந்த நாளையில் ஒருவரை ஒருவர் கண்டால் முதலில் சுகம் விசாரிப்பதில்லை. "லாண்டட் வந்திட்டுதோ?" என்றுதான் கேட்பார்கள். இந்த நாட்டில் நிரந்தரமாக இருக்கலாம் என்று அரசாங்கம் கொடுக்கிற அனுமதிக்கு எங்கள் ஆட்கள் வைத்த பெயர் அது. வந்துவிட்டது என்றால் கலியாணம் பேசலாம், வீடு பார்க்கலாம், பிளேன் ஏறி வெளிநாடு போய்த் திரும்பலாம். வரவில்லை என்றால் "அச்சச்சோ" என்று ஒரு பார்வை பார்ப்பார்கள். அடியைக்கூடத் தாங்கலாம், அந்தப் பார்வையை அகஸ்ரினால் தாங்க முடியவில்லை.

அதனால்தான் தொண்ணூற்று நாலில் ஒரு ஞாயிற்றுக்கிழமை, ஆராதனை முடிந்து பேஸ்மென்றில் சோறு சாப்பிட்டுக்கொண்டிருக்கும்போது, ஜோசப்பின் என்ற அன்ரி நாலு பேருக்கு முன்னால் அதே கேள்வியைக் கேட்டதும், "ஓம் அன்ரி, போன கிழமைதான் வந்தது" என்று சொல்லிவிட்டான். அன்ரி கையில் ஒரு சம்பந்தம் வைத்திருந்தா. சம்பந்தம் சரிவரவில்லை, பெண் வேறு யாரையோ கட்டிக்கொண்டு மொன்றியலுக்குப் போய்விட்டாள். பொய் மட்டும் போகாமல் அவனோடேயே தங்கிவிட்டது.

உண்மை என்னவென்றால், ஏஜென்சிக்காரன் சொல்லிக்கொடுத்தபடி பிளேனிலேயே பாஸ்போட்டைக் கிழித்துக் கழிவறையில் போட்டுவிட்டு வந்து இறங்கியவன் அகஸ்ரின். எங்கள் ஆட்களில் முக்கால்வாசிப் பேர் செய்த அலுவல்தான். அகதி என்று ஏற்றுக்கொண்டார்கள். ஆனால் நீ இன்னார்தான் என்பதற்கு அத்தாட்சி கொண்டுவா என்று லாண்டட்டை இழுத்தடித்தார்கள். அத்தாட்சியைத்தான் தண்ணீரில் விட்டாயிற்றே.

ஆள் மோசமானவன் என்று யாரும் நினைத்துவிடக் கூடாது. முப்பத்துநாலு வயது. பிளாஸ்ரிக் வாளி செய்கிற ஃபக்டரியில் ஷிப்ற் வேலை. கிற்றாரில் மூன்றே மூன்று சுரம் தெரியும், அதை வைத்துக்கொண்டு எல்லாப் பாட்டையும் சமாளிப்பான். சபையின் வாலிபர் கூட்டத்துக்கு அவன்தான் தலைவன். வெள்ளிக்கிழமைகளில் ஒரு ஓட்டை வான் வண்டியில் ஸ்காபரோ முழுக்கச் சுற்றிப் பிள்ளைகளை ஏற்றி இறக்குவான். தாய் தகப்பனுக்குச் சொல்லாததை எல்லாம் அந்தப் பிள்ளைகள் அவனிடம் சொல்லும். அதுகளிடம் பொய் சொல்லாதே என்று அவன் எத்தனை வெள்ளிக்கிழமை பிரசங்கம் செய்திருப்பான்!

அந்தக் கூட்டத்தில் மயூரி என்று ஒருத்தி. பதினேழு வயது. பத்து வயதில் சித்தப்பா குடும்பத்தோடு கனடா வந்தவள். தகப்பன் இல்லை. ஊரில் ஒரு சோதனைச் சாவடியில் இறக்கி விசாரணைக்குக் கொண்டுபோனவர்கள் அவரைத் திருப்பித் தரவே இல்லை. தாய் தமிழ்நாட்டில் ஒரு அகதி முகாமில். தாயைக் கனடாவுக்குக் கூப்பிடப் போட்ட ஸ்பொன்சர் விண்ணப்பம் இன்னும் இழுபட்டுக்கொண்டு கிடந்தது. முகாமில் தாய் வேதத்துக்கு, அதாவது கிறிஸ்தவத்துக்கு, மாறிவிட்டா. தாய் போகிற கோயிலுக்குத்தான் தானும் போவேன் என்று மயூரியும் அடம்பிடித்து எங்கள் சபைக்கு வந்தாள். சித்தப்பா இராஜரட்ணம் நெற்றி நிறையத் திருநீறு பூசிக்கொண்டு வந்து, அவளைச் சபை வாசலில் காரால் இறக்கிவிட்டுப் போவார். உள்ளே வரமாட்டார், குறையும் சொல்லமாட்டார்.

தொண்ணூற்றாறு தையில் பாஸ்ரர் சீமோன் மேடையில் நின்று ஆடியில் வாலிபர் மிஷன் பயணம் என்று அறிவித்தார். போகிற இடம் அதே முகாம். அங்குள்ள பிள்ளைகளுக்குப் பாட்டு, நாடகம், விடுமுறை வேதாகமப் பள்ளி என்று இரண்டு கிழமைத் திட்டம். "எங்கட அகஸ்ரின் பிரதர் கூட்டிக்கொண்டு போவார்" என்று அவர் கையைக் காட்டியதும் எல்லாரும் கை தட்டினார்கள். அகஸ்ரின் எழுந்து நின்று சிரித்தான். இன்னும் ஆறு மாதம் இருக்கிறதே, அதற்குள் வந்துவிடும், ஆண்டவர் ஒரு அற்புதம் செய்யமாட்டாரா என்று மனதைத் தேற்றிக்கொண்டான். தான் சொன்ன பொய்யை உண்மையாக்கித் தரும்படி கடவுளிடம் வேலை கொடுத்தவன் அவன் ஒருவனாகத்தான் இருப்பான்.

மயூரி அன்று முழுக்கக் காலைத் தரையில் வைக்கவில்லை. அவளுக்குச் சிற்றிசனும் கிடைத்துப் பாஸ்போட்டும் வந்திருந்தது. இராஜரட்ணம்தான் மறுத்தார். சோதனை, விசாரணை என்றால் பிள்ளையின் தகப்பனுக்கு நடந்ததுதான் அவருக்கு ஞாபகம் வரும். பிறகு மாசியில் அவரே அகஸ்ரினை ஃபக்டரியில் தேடிவந்தார். அவரும் அங்கேதான் வேலை.

"தம்பி, பாஸ்ரர் நல்ல மனிசன். ஆனா ஒரு பொலிஸ்காரன் உரத்துக் கேட்டா அவர்தான் முதல் அழுவார். நீர் போறீர் எண்டாத்தான் பிள்ளையை விடுவன்."

அந்த இடத்திலாவது சொல்லியிருக்கலாம். மெஷின் சத்தத்தில் வேறு யாருக்கும் கேட்டிருக்காது. அகஸ்ரின் வாயைத் திறந்தான். வந்தது இதுதான்: "நான் பொறுப்பு அண்ணை."

பிறகு வான்கோழி விரட்டின மாதிரி மாதங்கள் ஓடின. பிள்ளைகள் பிளாசா வாசலில் கார் கழுவினார்கள், மட்டன் ரோல்ஸ் விற்றார்கள். மயூரி நாடகத்தில், வேதாகமக் கதையில் வருகிற கெட்ட குமாரனின் தமையனாக நடிக்கப் பழகினாள். பழகும்போதெல்லாம் அகஸ்ரினிடம் வந்து, "அண்ணை, அம்மாவுக்கு என்னைக் கண்டவுடன அடையாளம் தெரியுமோ?" என்று கேட்பாள். "ஏன் தெரியாது?" என்பான். விசாவுக்குப் பாஸ்போட்டைக் கேட்டவர்களிடம், தானே பார்த்துக்கொள்வதாகச் சமாளித்தான். லாண்டட் கடிதத்துக்காகத் தபால்பெட்டியைத் திறப்பான், மூடுவான். கடைசி ஞாயிறு அனுப்பிவைக்கும் ஆராதனை. போகிறவர்களை முழங்காலில் இருத்தித் தலையில் கைவைத்து ஜெபித்தார்கள். பாஸ்ரரின் உள்ளங்கை தலையில் பட்டபோது அவனுக்குக் கண்ணீர் ஓடியது. முகாம் சனத்தின்மேல் எவ்வளவு பாரம் இந்தப் பிள்ளைக்கு என்று பின்வரிசை உருகியது.

பயண நாள் காலை பாஸ்ரருக்கு ஃபோன் போனது. அகஸ்ரினுக்கு நெஞ்சுநோ, டொக்ரர் பிளேன் ஏறக் கூடாது என்றுவிட்டார். பாஸ்ரர் பதறிப்போனார். ரிக்கற்றுகளை மாற்ற முடியாது, முகாமில் ஏற்பாடுகள் எல்லாம் ஆயிற்று. கடைசியில், துணைக்கு வருவதாக இருந்த அவரும் மனைவி கிளடிஸும் மட்டுமே ஏனைய பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு புறப்பட்டார்கள். இராஜரட்ணம் எயர்போட்டில் வைத்தே மயூரியின் பெட்டியைத் தூக்கித் திரும்பக் காரில் போட்டார். அவள் அழவில்லை என்றும், பெட்டிக்குள் இருந்த சேலையை மட்டும் எடுத்துக் கிளடிஸ் அன்ரியிடம் கொடுத்து அம்மாவிடம் கொடுக்கச் சொன்னாள் என்றும் பிறகு அவனுக்குத் தெரியவந்தது. கேட்டபோது நெஞ்சு உண்மையிலேயே நொந்தது.

அந்தச் சனிக்கிழமை ஜோசப்பின் அன்ரி அவனுடைய அப்பார்ட்மென்றிலேயே உபவாச ஜெபம் வைத்தா. யாருக்காவது கடும் வருத்தம், நோய் என்றால் சபையார் பச்சைத் தண்ணீர்கூடக் குடிக்காமல் வந்து கூடியிருந்து ஜெபிப்பது எங்கள் வழக்கம். வேண்டாம் அன்ரி என்று கெஞ்சிப் பார்த்தான். "நீர் பேசாமப் படும்" என்றா. ஆடி மாத வெக்கையில் ஒரு கம்பளியைப் போர்த்துக்கொண்டு, சோபாவில் வியர்த்து வழிந்தபடி கிடந்தான். சுற்றிவரக் கம்பளத்தில் பதினைந்து பேர் வயிற்றைக் காயப்போட்டுக்கொண்டு அவனுக்காகக் கண்ணீர் விட்டார்கள். அவன் ஒரு தரமும் ஏறெடுத்துப் பார்க்கவில்லை.

மயூரியின் முறை வந்தது. அவள் எப்போதும்போல இரண்டு பாஷையும் கலந்துதான் ஜெபித்தாள்.

"ஆண்டவரே, அகஸ்ரின் அண்ணையை ஹீல் பண்ணும். அவர் எங்களுக்கு வேணும். அம்மாவை நான் பிறகு பாக்கலாம், இற்ஸ் ஓகே. அண்ணைக்கு ஒண்டும் நடக்கக் கூடாது. ப்ளீஸ்."

அதற்குமேல் அவனால் படுத்திருக்க முடியவில்லை. கம்பளியை உதறிவிட்டு எழுந்து நின்றான்.

"ஸ்தோத்திரம்!" என்று கத்தினா ஜோசப்பின் அன்ரி. "எழும்பிட்டான்! பாருங்கோ, எழும்பி நிக்கிறான்! இதுதான் அற்புதம்!"

அறை முழுக்க அல்லேலூயா. ஒருவர் பாடத் தொடங்கினார், மற்றவர்கள் கை தட்டினார்கள். அன்ரி அவனுடைய கன்னங்களைப் பிடித்துக்கொண்டு அழுதா. அகஸ்ரின் அப்படியே நின்றான். வாயை மூடிக்கொண்டு இரண்டு கையையும் மேலே தூக்கினால் போதும். சுகமானவன் ஆகிவிடலாம். நாளை மேடையில் ஏறிச் சாட்சி சொல்லலாம், பொய் போன இடம் தெரியாமல் போய்விடும். கை கொஞ்சம் எழும்பவும் செய்தது. அப்போதுதான் மயூரியைக் கண்டான். எல்லாரையும்விட அவள்தான் உரக்கக் கை தட்டிக்கொண்டிருந்தாள்.

"நிப்பாட்டுங்கோ" என்றான். "எனக்குச் சுகமாகேல்லை. வருத்தம் வந்தாத்தானே சுகமாக? எனக்கு லாண்டட் இல்லை. ஒருநாளும் வரேல்லை. பொய் சொன்னனான். போக ஏலாது எண்டு துவக்கத்திலேயே எனக்குத் தெரியும்."

பாட்டு பாதியில் நின்றது. ஜோசப்பின் அன்ரி கையை எடுத்துத் தன் சேலையில் துடைத்தா. மயூரியை வீட்டுக்குக் கூட்டிப்போக வந்த இராஜரட்ணம் கதவடியில் சப்பாத்தைக் கழற்றாமலே நின்றார். எல்லாம் கேட்டுவிட்டார் என்பது முகத்தில் தெரிந்தது. அடிக்கப்போகிறார் என்று அகஸ்ரின் நினைத்தான். அடித்தால் நல்லது என்றும் நினைத்தான். அவர் குரலை உயர்த்தவே இல்லை.

"எனக்கும் மூண்டு வருசம் லாண்டட் வராமல்தானே தம்பி கிடந்தது. உதிலை என்ன வெக்கம்? மாசியிலை ஒரு சொல்லுச் சொல்லியிருந்தா நான் லீவு போட்டுக்கொண்டு பிள்ளையோட போயிருப்பனே. உங்கட வேதக்காரரோட சேர்ந்து பாட்டும் படிச்சிருப்பன்."

அகஸ்ரினுக்கு முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை. இவ்வளவுதானா? இரண்டு வருசமாகப் பொத்திப் பொத்திக் காத்தது இந்த ஒரு சொல்லைத்தானா? மயூரி இன்னும் கம்பளத்தில்தான் இருந்தாள். தட்டின கை அப்படியே மடியில் கிடந்தது.

"அப்ப உங்களுக்கு நெஞ்சிலை ஒண்டும் இல்லையா அண்ணை?"

"இல்லை மயூரி."

"தாங்க் கோட்" என்றாள். உண்மையாகவே ஆறுதலாகத்தான் சொன்னாள். பிறகு மெல்ல மெல்ல அவளுடைய முகம் மாறிக்கொண்டு வந்தது. அவன் பார்த்துக்கொண்டு நின்றான்.

"நேற்று கிளடிஸ் அன்ரி முகாமிலையிருந்து ஃபோன் எடுத்தவ. அம்மாவோடையும் கதைச்சனான். உங்களுக்கு வருத்தம் கடுமை எண்டு சொன்னன்" என்றாள். "அவவும் அங்க நேற்றிலையிருந்து மூண்டு நாளைக்கு உங்களுக்காகச் சாப்பிடாமல் இருக்கிறா. நான் இப்ப அவவுக்கு என்னெண்டு சொல்ல?"