ஓரகத்தியின் தேதி

ஏப்ரல் பதினோராம் தேதி மதியம் ஆனால், எங்கள் பத்திரிகை அலுவலகத்தில் எல்லோரும் தேதியம்மா என்று கூப்பிடுகிறவருக்குத் தலைவலி வந்துவிடும். கைப்பையிலிருந்து தைலத்தை எடுத்து நெற்றியில் தேய்த்துக்கொண்டு, மறுநாள் பேப்பருக்கான 'இதே நாளில்' பத்தியை எழுத உட்காருவார். மற்ற நாட்களில் அரட்டை அடித்துக்கொண்டே முடிக்கிற வேலை. அன்றைக்கு மட்டும் ஒவ்வொரு வரியும் பல் பிடுங்குகிற மாதிரி வரும்.

காரணம், அவருடைய ஓரகத்தி. கொழுந்தனின் மனைவியான அந்த அம்மாள் பிறந்தது ஏப்ரல் பன்னிரண்டு. மனிதன் முதன்முதலாக விண்வெளிக்குப் போய்வந்தது அந்தத் தேதியில்தான். போலியோ தடுப்பூசி பலிக்கிறது என்று அறிவித்ததும் அன்றுதான். முதல் விண்வெளி ஓடம் கிளம்பியதும் அன்றுதான். "அவ பொறந்தநாள் வந்தா எவனாவது மேல கெளம்பிடறான்," என்பார் தேதியம்மா.

இவர் பிறந்தது மூன்று நாள் தள்ளி, பதினைந்தாம் தேதி. பனிப்பாறையில் மோதிய பெரிய கப்பல் மூழ்கிய நாள். சுடப்பட்ட அமெரிக்க அதிபர் ஒருவர் உயிரை விட்ட நாள். போதாக்குறைக்குச் சில வருடங்களுக்கு முன்னால் பாரிஸில் பழைய தேவாலயம் ஒன்று தீப்பிடித்ததும் அன்றே. அலுவலகமே தொலைக்காட்சி முன்னால் நின்றபோது இவர் நாற்காலியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "இதுவும் என் தலையிலயா?" என்று மட்டும் கேட்டார். பெரிய மனிதர்கள் பிறந்த சேதியாவது கிடைக்குமா என்றால், அதெல்லாம் பக்கத்து மேசைக்காரர் எழுதுகிற பிறந்தநாள் பெட்டிக்குப் போய்விடும்.

நான் எதிர் மேசை. அச்சுக்குப் போகுமுன் பிழை திருத்துகிறவன். எனக்கும் அவர்மேல் வயிற்றெரிச்சல் உண்டு, ஒளிப்பானேன்? நான் திருத்திய ஒற்றுப்பிழையைப் பாராட்டி இதுவரை ஒரு ஜீவன் தொலைபேசியில் கூப்பிட்டதில்லை. அவருக்கோ நாள் தவறாமல் யாராவது கூப்பிட்டு, என் கல்யாண நாளில் என்ன நடந்தது, என் பேத்தி பிறந்த நாளில் என்ன நடந்தது என்று விசாரிக்கிறார்கள். எல்லோருக்கும் ஏதாவது ஒரு நல்லது தேடிக் கொடுப்பார். தனக்குத்தான் கிடைக்கவில்லை.

வீட்டில் இரண்டு பிறந்தநாளையும் சேர்த்துப் பன்னிரண்டாம் தேதியே கேக் வெட்டிவிடுவார்கள். ஓரகத்தியின் பெயர் மேலே, இவர் பெயர் கீழே. கத்தியை எடுக்கும் முன்பு ஓரகத்தி அன்றைய பத்தியை எல்லோருக்கும் உரக்கப் படித்துக்காட்டுவார். "நான் எழுதினத எனக்கே படிக்கிறா. ராக்கெட்ட இவளே ஓட்டிட்டுப் போன மாதிரி குரல் வேற." பழிவாங்குவதற்காகத் தேதியம்மா அமெரிக்க உள்நாட்டுப் போரின் முதல் குண்டை மேலே வைத்து, விண்வெளியைக் கடைசி வரிக்குத் தள்ளிப் பார்த்தார். ஓரகத்தி அசரவில்லை. கடைசி வரியிலிருந்து படிக்க ஆரம்பித்துவிட்டார்.

இந்த வருடம் தேதியம்மாவுக்கு ஓய்வு. வேலையில் இருக்கும்போது வருகிற கடைசிப் பிறந்தநாள் என்று, பதினைந்தாம் தேதியைத் தனியாகக் கொண்டாடலாம் என்றார்கள் பிள்ளைகள். உன் பத்தியையும் நானே படிக்கிறேன் அக்கா, பாவம், உனக்கும் நல்லதாக ஏதாவது வராமலா போய்விடும் என்றாராம் ஓரகத்தி. அந்தப் 'பாவம்' இவருக்குச் சுருக்கென்று தைத்துவிட்டது. எங்கள் எல்லோரிடமும் தனித்தனியாகச் சொல்லிப் பொருமினார்.

பதினான்காம் தேதி மதியம் பத்தியின் அச்சுப்படி என் மேசைக்கு வந்தது. முதல் வரியில் போலியோ தடுப்பூசி! பன்னிரண்டாம் தேதிப் பத்தியில் அது ஏன் காணவில்லை என்று அப்போதுதான் எனக்கு உறைத்தது. அச்சுப்படியை எடுத்துக்கொண்டு அவர் மேசைக்குப் போனேன்.

"அம்மா, இது பன்னெண்டாம் தேதியாச்சே."

அவர் நிமிரவில்லை. "அவளுக்குத்தான் அத்தனை இருக்கே தம்பி. ஒண்ணு எடுத்தா கொறஞ்சா போயிடுவா?"

இத்தனை வருடம் ஒரு தேதியைக்கூடத் தப்பாக எழுதாதவர் 'தவறுக்கு வருந்துகிறோம்' என்று திருத்தம் போட்டுவிட்டா வீட்டுக்குப் போவது என்று கேட்டேன். அதற்கெல்லாம் அவர் மசியவில்லை. வாசகர்கள் கிடக்கட்டும், படிக்கப்போவது யார், அந்த அம்மாளுக்குத் தன் தேதியில் நடந்ததெல்லாம் மனப்பாடம் ஆயிற்றே என்றேன். அவர் முகம் செத்துவிட்டது.

"எல்லார் முன்னாடியும் 'இது என்னுதாச்சே அக்கா'ன்னு சொல்லுவா."

அச்சுப்படியைப் பிடுங்கி அந்த வரியை அடித்தார். பத்தியில் ஒரு வரி காலியாகிவிட்டது. அலமாரியிலிருந்து தடித்தடியாகப் புத்தகங்களை இறக்கிப் புரட்டினார், காபி ஆறிப்போனது. ஒரு பக்கத்தில் அவர் விரல் நின்றது. பிறகு கப்பல் மூழ்கிய வரிக்குக் கீழே எழுதினார்: 'விடியற்காலையில் விரைந்து வந்த இன்னொரு கப்பல், படகுகளில் தத்தளித்த எழுநூற்றுக்கும் மேற்பட்டவர்களை மீட்டது.'

"வருஷா வருஷம் முழுகினதோட நிறுத்திட்டேன் பாருங்க," என்றார்.

தேதி சரிதானா என்று ஒருமுறைக்கு இருமுறை பார்த்துவிட்டு வாங்கிக்கொண்டேன். இரண்டடி நடந்திருப்பேன், கூப்பிட்டார்.

"தம்பி, இந்த வரிய மட்டும் பெரிய எழுத்துல போடச் சொல்லுங்க. அவ கண்ணாடி இல்லாம படிக்கணும்."

பத்திக்குள் எழுத்தின் அளவை மாற்றுகிற வழக்கம் இல்லையே என்றேன். அவர் எழுந்து வந்தார். என் சட்டைப்பையிலிருந்த சிவப்புப் பேனாவை உருவி, அந்த வரிக்குக் கீழே தாள் கிழிகிற மாதிரி ஒரு கோடு இழுத்தார்.