அண்ணி கையெழுத்துப் போடாத மனு

அண்ணி என் மடியில் வைத்த மனுவில் பென்சிலால் சின்னச் சின்ன வட்டங்கள் போடப்பட்டிருந்தன. புரியாத ஆங்கிலச் சொல் ஒவ்வொன்றுக்கும் ஒரு வட்டம். எட்டாவதோடு படிப்பை விட்டவர். அந்தப் பக்கங்களில் வட்டம் விழாத சொற்கள்தான் குறைவு. உத்திரமேரூர் பஸ் ஸ்டாண்டில், ஏனாத்தூர்க் கல்லூரியிலிருந்து நான் திரும்பும் பஸ்ஸுக்காக அவர் காத்திருந்தார். எங்கள் வீட்டுக்கு அவர் வருவதில்லை. அண்ணனும் அவரும் பேசி முடிவெடுத்து, ஒருமனதாக விவாகரத்துக் கேட்பதென்று ஆகியிருந்தது. ஐந்து வயது மகள் அண்ணியிடம் இருப்பாள் என்று பெரியவர்கள் முன்னால் அண்ணன் ஒப்புக்கொண்டிருந்தான். அவனுடைய வக்கீல் எழுதிய மனுவில் மறுநாள் இருவரும் கையெழுத்துப் போடவேண்டும்.

நான் ஒவ்வொரு வரியாகத் தமிழில் சொல்லிக்கொண்டு வந்தேன். கல்யாணத் தேதி, பிரிந்திருக்கும் காலம், இனிச் சேர்ந்து வாழ வழியில்லை என்பது எல்லாம் சரியாக இருந்தது. பதினோராம் பத்தியில் நின்றுவிட்டேன். குழந்தை நிரந்தரமாகத் தந்தையிடம் இருக்கும், தாய் இனி எந்த உரிமையும் கோரமாட்டாள் என்று இருந்தது. உண்மையைச் சொல்வதானால், அந்தக் குழந்தை எங்கள் வீட்டில் இருக்கவேண்டும் என்ற ஆசை எனக்கும் இருந்தது. மற்றதெல்லாம் வழக்கமாக எழுதுவதுதான் என்று சொல்லித் தாளைத் திருப்பப் போனேன்.

அண்ணி என் கையைப் பிடித்தார். “நீ அவுரு தங்கச்சிதான் பாப்பா. இருந்தாலும் உன்ன நம்பித்தான் வந்துகீறேன். இன்னா எய்திகீதோ அத்த மட்டும் படி.”

படித்தேன். அவர் அழவில்லை. இன்னும் இரண்டு முறை படிக்கச் சொல்லி, ஓரத்தில் தமிழில் எழுதிக்கொண்டார்.

மறுநாள் வக்கீல் அலுவலகத்துக்கு நானும் போயிருந்தேன். பதினோராம் பத்தியை மாற்றினால்தான் கையெழுத்து என்றார் அண்ணி. இது சும்மா ஒரு சம்பிரதாயம், பிறகு மாற்றிக்கொள்ளலாம் என்றார் வக்கீல். “அப்பால மாத்தலாம்னா இப்பவே மாத்திடலாமே சார்” என்று சொல்லிவிட்டு அண்ணி எழுந்து வந்துவிட்டார். அண்ணன் என்னைப் பார்த்த பார்வை இன்னும் நினைவிருக்கிறது.

காஞ்சிபுரம் கோர்ட்டில் இருந்த இலவச சட்ட உதவி மையத்துக்கு அண்ணி தனியாகவே போனார். அங்கிருந்த பெண் வக்கீல் புது மனுவைத் தமிழிலேயே எழுதித் தந்தார். ஒரு மாதம் இழுத்தடித்த அண்ணன், தான் கொடுத்த வாக்கு உறுத்தியதாலோ என்னவோ, கடைசியில் கையெழுத்துப் போட்டான்.

ஆறு மாதம் கழித்து இறுதி விசாரணை. மனுவில் இருப்பது புரிந்துதான் ஒப்புக்கொள்கிறீர்களா என்று நீதிபதி கேட்டார். எல்லோரும் ஆமாம் என்று தலையாட்டிவிட்டுப் போகும் இடம் அது. அண்ணி மட்டும், குழந்தை யாரிடம் வளரும், படிப்புக்கு யார் பொறுப்பு, ஞாயிற்றுக்கிழமைகளில் அப்பா வந்து பார்க்கலாம் என்பதுவரை தாளைப் பார்க்காமல் சொன்னார். மகளைப் பார்க்கும் தன் உரிமையையும் அவர் வாயால் கேட்டபடி அண்ணன் தலைகுனிந்து நின்றான். வெளியே வந்ததும், “நீதான் படிச்சுக் காட்டினியா?” என்று கேட்டான். ஆமாம் என்றேன். அதன்பிறகு அவன் அதைப் பற்றிப் பேசியதே இல்லை. ஞாயிற்றுக்கிழமை மட்டும் தவறாமல் மகளைப் பார்க்கப் போகிறான்.

அண்ணி இப்போது ஒரகடத்தில் ஒரு கம்பெனியில் வேலை செய்கிறார். அன்று வட்டம் போட்ட சொற்களில் தொடங்கி ஆங்கிலம் வாசிக்கவும் கற்றுக்கொண்டுவிட்டார். கம்பெனி பஸ்ஸில் பெண்கள் எந்தக் காகிதமானாலும் அவரிடம்தான் நீட்டுகிறார்கள். போன மாதம் எனக்கு வேலை உத்தரவு வந்தது. சந்தோஷத்தில் அவரிடம் ஓடிப்போய்க் காட்டிவிட்டு, கையெழுத்துப் போடப் பேனா கேட்டேன். “உக்காரு பாப்பா. மொதல்ல படிப்போம்” என்றார். நான்கு பக்கத்தையும் விரல் வைத்து அவரே வாசித்து முடித்த பிறகுதான் எனக்குப் பேனா கிடைத்தது.