முறை வைக்கிற ஆள்

தேனிப் பக்கத்துக் கல்லூரி ஒன்றில் நான் தற்காலிக விரிவுரையாளராகச் சேர்ந்த புதிது. எம்.சி.ஏ. மாணவர்களுக்கு ஆபரேட்டிங் சிஸ்டம் பாடத்தை எப்படித் தொடங்குவது என்று தெரிந்துகொள்ள, அதை நடத்திவந்த மூத்த விரிவுரையாளர் ஒருவரின் அந்தப் பருவத்து முதல் வகுப்பில் கடைசி பெஞ்சில் போய் உட்கார்ந்தேன். அவரும் தற்காலிகம்தான், பல வருடங்களாக. காதோரம் நரைத்திருந்தது, சட்டைக் காலர் நைந்திருந்தது. ஆபீஸ் உதவியாளர் வராந்தாவில் நடந்தால் போதும், பேச்சை நிறுத்திவிட்டு வாசலைப் பார்ப்பார். நிரந்தர வேலைக்கான அழைப்பு அப்படித்தான் வரும்.

"பிராசசர்ங்கிறது ஒத்த வாய்க்கா. எல்லா வேலையும் வயலு மாதிரி காத்துக் கெடக்கும். யாருக்கு எப்பத் தண்ணி விடணும்னு முறை வைக்கிற ஆளுதான் ஆபரேட்டிங் சிஸ்டம்" என்றார்.

மார்க்கையன்கோட்டை மாணவன் ஒருவன் எழுந்தான். "சார், எங்க வயலு கடைமடை. மேல உள்ளவுக பாய்ச்சி முடிக்கிறதுக்குள்ள வாய்க்கா வத்திரும். இங்கனயும் அப்படித்தானா?"

"இல்லப்பா. ரொம்ப நேரம் காத்துக் கெடக்குற வேலையை இது கொஞ்சங் கொஞ்சமா முன்னுக்கு ஏத்தி விடும். காத்திருக்கிறதுக்கு இங்கன மதிப்பு உண்டு."

அப்போது உதவியாளர் வாசலில் வந்து நின்றார். பாடம் நடத்திக்கொண்டிருந்தவர் சாக்பீஸை மேசையில் வைத்துவிட்டார். உதவியாளரோ என்னைப் பார்த்து, "மேடம், பிரின்சிபால் ஒங்கள வரச் சொன்னாக. பெர்மனென்ட் விசயமாம்" என்றார்.

நான் நோட்டை மூடிவிட்டு, மேசையருகே நின்றவரைப் பார்த்தேன்.

"போங்க மேடம், ஒங்க முறை" என்று சொல்லி, சாக்பீஸை எடுத்துக்கொண்டு கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டார். குரலில் கோபம் இருந்ததா, இன்றுவரை தெரியவில்லை.

இப்போது அந்தப் பாடத்தை நான்தான் நடத்துகிறேன். காத்திருக்கிற வேலையை முன்னுக்கு ஏற்றிவிடுகிற அந்த இடம் வந்தால் மட்டும் யார் முகத்தையும் பார்க்காமல், புத்தகத்தில் இருப்பதை வாசித்துவிட்டு நகர்ந்துவிடுகிறேன்.