படத்தில் இல்லாத சேறு

2024 ஜூலை 16, செவ்வாய்க்கிழமை. கட்டுகஸ்தோட்டையில் அன்று காலை முழுவதும் தூறல். அண்ணன் ஐந்தரைக்கு எழுந்தார். முகம் கழுவி, சாமிப் படங்களுக்கு முன்னால் விளக்கேற்றி, திருநீறு பூசிக்கொண்டு, சீனி போடாத பிளேன்டீ குடித்தார். அண்ணி சிறிய கிண்ணத்தில் வைத்துக் கொடுத்த மாத்திரைகளை ஒவ்வொன்றாகப் பார்த்து விழுங்கினார். பத்திரிகையில் தலைப்புகளை மட்டும் வாசித்துவிட்டு என்னிடம் தந்தார். பிறகு ஜன்னலோர மேசைக்குப் போனார். நான் வேலை செய்யும் பாடசாலை அலுவலகத்துக்கு லீவு போட்டிருந்தேன். சாரம், பெனியன், துவாய், சவர்க்காரம், தண்ணீர்ப் போத்தல், வைத்திய அறிக்கைகள் வைத்த கோப்பு எல்லாவற்றையும் ஒரு பையில் அடுக்கி வாசல் கதவுக்குப் பக்கத்தில் வைத்தேன். மறுநாள் காலை எட்டு மணிக்கு அண்ணன் இருதய சத்திரசிகிச்சைக்காக ஆஸ்பத்திரியில் சேர வேண்டும். வார்டில் அவருக்கு ஒரு கட்டில் ஒதுக்கியிருந்தார்கள்.

அந்தக் கட்டிலில் அண்ணன் படுக்கவேயில்லை. இன்று ஓராண்டாகிறது. இந்த நினைவு மலரில் அண்ணனுடைய நல்ல குணங்களை மட்டும் எழுதினால் போதும் என்று சிலர் சொன்னார்கள். ஆனால் கடைசி மாதங்களில் எங்கள் வீட்டில் இருந்தது பயம். அதை எழுதாமல் விட்டால், அந்தப் பை எப்படி வாசலுக்கு வந்தது என்பது யாருக்கும் விளங்காது.

அண்ணன் பிறந்தது புசல்லாவைக்கு மேலே உள்ள ஒரு தோட்டத்தில். அப்பா தேயிலைத் தொழிற்சாலையில் வேலை செய்தார், அம்மா கொழுந்து பறித்தார். அண்ணன் உயர்தர வகுப்பில் படித்துக்கொண்டிருந்தபோது அப்பாவுக்கு வயிற்றில் ஒரு சத்திரசிகிச்சை செய்ய வேண்டியிருந்தது. சின்ன விஷயம் என்றுதான் சொன்னார்கள். அப்பா தானே நடந்து போய் வார்டில் சேர்ந்தார். அண்ணன்தான் கூடப் போனார். அப்பாவின் செருப்பைக் கையில் பிடித்துக்கொண்டு வெளியே நின்றிருந்தவரிடம், மாலையில் வந்து செய்தி சொன்னார்கள். செருப்போடு பஸ் ஏறி வீட்டுக்கு வந்தார். அதற்குப் பிறகு படிப்பைத் தொடரவில்லை.

கண்டியில் ஒரு பல் வைத்தியரிடம் பல் செட் செய்யும் வேலையைக் கற்றுக்கொண்டார். தினமும் விடியுமுன் பஸ் பிடித்துப் போய் வந்தார். தங்கை என்னைப் படிக்க வைத்ததும் அம்மாவைக் கடைசிவரை பார்த்துக்கொண்டதும் அந்த வேலைதான். செய்து முடித்த செட்டை அண்ணன் யாரிடமும் சும்மா கொடுத்தனுப்பியதில்லை. அவர்களைக் கதிரையில் உட்கார வைத்து, ஒரு பிஸ்கட்டைக் கொடுத்து, “கடிச்சுக் காட்டுங்க” என்பார். கடித்து, மென்று, விழுங்கி, அவர்கள் சிரித்த பிறகுதான் வேலை முடிந்தது என்று ஒப்புக்கொள்வார். கண்டியிலும் தெல்தெனியப் பக்கத்திலும் அந்த பிஸ்கட்டைச் சாப்பிட்டவர்கள் இந்த மலரை வாசிப்பார்கள் என்று நினைக்கிறேன்.

அவருக்கு ஐம்பத்தெட்டு வயதில் மாரடைப்பு வந்தது. ஆஸ்பத்திரியில் சோதித்துப் பார்த்து, மூன்று குழாய்களில் அடைப்பு, நெஞ்சைத் திறந்துதான் சரிசெய்ய வேண்டும், வரிசையில் பெயர் போட்டிருக்கிறோம், அதுவரை பாரம் தூக்காமல் படி ஏறாமல் இருங்கள் என்று சொல்லி அனுப்பினார்கள். இன்னொரு முறை வந்தால் தாங்காது என்பதை அண்ணியிடமும் என்னிடமும் தனியாகச் சொன்னார்கள். சும்மா உட்கார்ந்திருக்கத் தெரியாத மனிதர் ஜன்னலோரம் உட்கார்ந்து ரோட்டைப் பார்த்துக்கொண்டிருந்தார். கட்டாரில் வேலை செய்யும் அவருடைய மகன், பிளாஸ்டிக் துண்டுகளைப் பொருத்திச் செய்யும் மாதிரி வாகனப் பெட்டி ஒன்று அனுப்புவதாகச் சொன்னான். அண்ணன் பஸ் கேட்டார். பெட்டி வந்தது. மூடியில் இருந்த படம் ஆறு சில்லு வைத்த ஒரு ராணுவக் கவச வண்டி.

“பஸ் கிடைக்கல அப்பா,” என்று மகன் வீடியோவில் சொன்னான். “இதுவும் ஆளேத்துற வண்டிதானே.”

“கண்டக்டர் எங்கடா நிப்பாரு?” என்று அண்ணன் கேட்டார். நோய் வந்த பிறகு அவர் முதல்முறையாகச் சிரித்தது அன்றுதான்.

அண்ணி சிரிக்கவில்லை. “இத வீட்டுல வைக்கவா? சண்டைக் காலத்துல இத ரோட்டுல கண்டாலே அடையாள அட்டைய கையில எடுத்துக்கிட்டுத்தான் நிப்போம். இப்ப காசு குடுத்து வாங்கி மேசையில வைக்கிறாங்களாம்.”

“அது இப்ப முந்நூறு துண்டாக் கெடக்கு, பயப்படாத.”

ஆனாலும் மின்சார மீட்டர் பார்க்க ஆள் வந்த நாட்களில் அண்ணி அதன்மேல் ஒரு மேசைச் சீலையைப் போட்டு மூடிவிடுவார். பார்ப்பதற்கு மூடிவைத்த கேக் போல இருக்கும்.

அண்ணன் அந்த வண்டியைப் பல் செட் போலவே செய்தார். சட்டத்தில் கோத்திருந்த துண்டுகளைத் தன் பழைய வேலை ஆயுதங்களால் வெட்டி எடுத்தார். வெட்டிய இடத்தில் மிஞ்சிய பிசிறை மெல்லிய அரத்தால் தேய்த்தார். பிறகு அரத்தாள். ஒரு துண்டைப் பொருத்திப் பார்ப்பார், கழற்றுவார், மறுபடி தேய்ப்பார். கர்ர் கர்ர் என்ற அந்தச் சத்தம் காலையிலிருந்து வீட்டில் கேட்டுக்கொண்டே இருக்கும். அண்ணி சமையலறை ரேடியோவை நிறுத்திவிட்டார். நான் காரணம் கேட்கவில்லை. அரம் ஓடும்வரை அண்ணன் இருக்கிறார் என்பதுதான் காரணம். வேலைக்குப் போயிருக்கும் நேரத்தில் நானும் அண்ணிக்குப் போன் எடுத்து, “சத்தம் கேக்குதா அண்ணி?” என்றுதான் விசாரிப்பேன்.

வண்டி உருவாக உருவாகச் சத்தம் குறைந்தது. இதை நாங்கள் எதிர்பார்க்கவில்லை. உடல் ஒட்டி முடிந்து, சில்லுகள் ஏறி, மேலே துப்பாக்கியோடு சுழலும் கோபுரம் உட்கார்ந்த பிறகு வர்ணம் பூசும் வேலை ஆரம்பித்தது. தூரிகைக்குச் சத்தம் கிடையாது. வீடு அமைதியானது. அந்த அமைதியை எங்களால் தாங்க முடியவில்லை. அண்ணி நிமிடத்துக்கு ஒரு முறை, “என்னங்க?” என்று குரல் கொடுப்பார்.

“உசிரோடதான் இருக்கேன். நீ தேங்காயத் திருவு.”

“வாய்ல நல்ல வார்த்தையே வராதா உங்களுக்கு?”

ஒருநாள் அண்ணி குரல் கொடுத்தும் பதில் இல்லை. இருவரும் கையில் இருந்ததைப் போட்டுவிட்டு ஓடினோம். அண்ணன் வண்டியின் இலக்கத் தகட்டை ஒட்டிக்கொண்டிருந்தார். தண்ணீரில் ஊறவைத்து நழுவவிட வேண்டிய மெல்லிய தாள் அது. மூச்சுப் பட்டால் மடங்கிவிடும் என்பதால் மூச்சைப் பிடித்திருந்தார். தாள் உட்கார்ந்த பிறகுதான் எங்களைத் திரும்பிப் பார்த்தார். அண்ணி சுவரைப் பிடித்துக்கொண்டு அழுதார். அன்றிலிருந்து அண்ணன் ஒரு வழக்கம் வைத்தார். தூரிகையைத் தோய்க்கும் ஒவ்வொரு முறையும் அதன் காம்பால் போத்தலில் இரண்டு தட்டு. டிக், டிக். அந்தச் சத்தத்தில்தான் நாங்கள் சோறு வடித்தோம், உடுப்பு மடித்தோம்.

ஆஸ்பத்திரியிலிருந்து முதல் முறை திகதி வந்தபோது, தடிமன், இருமல் என்று சொல்லிப் பின்போட்டார். மறுமுறை வந்தபோது எந்தக் காரணமும் சொல்லவில்லை. “வண்டி முடியட்டும், போறேன்” என்றார். எங்களுக்கும் அது நியாயமாகப் பட்டது. ஆனால் வண்டி முடியவில்லை. பச்சை வர்ணம் காய்ந்த பிறகு, மடிப்புகளில் நிழல் விழ வேண்டும் என்று கரும்பழுப்பு நீரைத் தூரிகையால் ஓடவிட்டார். ஓரங்களில் வர்ணம் உரிந்தது போல் காட்ட, பஞ்சுத் துண்டால் ஒற்றி ஒற்றி எடுத்தார். பல்லுக்குக் கொக்கி வளைக்கும் கம்பியை முறுக்கி, வண்டி இழுக்கும் வடம் செய்தார். மெல்லிய தாளைப் பசையில் நனைத்துச் சுருட்டி, தார்ப்பாய் செய்தார். முன்விளக்குக்கு, பல் செட் செய்யும் பசையில் தெளிவான ஒரு துளி. வீட்டு வளவு மண்ணைத் தேயிலை வடிகட்டியில் சலித்துச் சில்லுகளுக்குச் சேறு.

அரத்தாளும் தூரிகையும் தந்த இரும்புக்கடை ஹாஜியார், அக்குறணைக்காரர், அண்ணனின் நெடுநாள் நண்பர். வாரம் ஒரு முறை எட்டிப் பார்ப்பார்.

“என்னா மாஸ்டர், ஆர்மி இன்னும் ரோட்டுக்கு எறங்கலியா?”

“பெயின்ட் காயல ஹாஜியார்.”

“அப்ப காயற வரைக்கும் சண்டை நிப்பாட்டி இரிக்கி எண்டு சொல்லுங்கோ.”

ஜூன் மாதத்தில் ஒரு ஞாயிற்றுக்கிழமை நான் மேசையைத் துடைக்கும்போது பெட்டி மூடியை எடுத்து வண்டிக்குப் பக்கத்தில் வைத்தேன். படத்தில் இருந்தது எல்லாம் வண்டியில் இருந்தது. வண்டியில் இருந்ததில் பாதி படத்தில் இல்லை.

“அண்ணே, இது எப்பவோ முடிஞ்சிருச்சே,” என்றேன்.

“படத்துல உள்ளது ஓடாத வண்டி, பாப்பா. ஓடுற வண்டின்னா சேறு இருக்கும்.”

“சேறும் பூசியாச்சு.”

அண்ணன் தூரிகையைக் கீழே வைத்தார். போத்தலில் தட்டவில்லை. சமையலறையிலிருந்து அண்ணி, “என்னங்க?” என்றார். “ஒண்ணுமில்ல,” என்று அவருக்குச் சொல்லிவிட்டு என்னிடம் குரலைத் தாழ்த்தினார்.

“பயமா இருக்கு. அப்பாவ உள்ளுக்குக் கொண்டுபோறப்போ, ‘செருப்பப் பாத்துக்க, இப்ப வந்துர்றேன்’ன்னாரு. எனக்கு அதுதான் ஞாபகம் வருது. மயக்க மருந்து குடுத்தப்புறம் நான் எங்க இருப்பேன்? யாருகிட்ட கேக்குறது இத?”

எனக்கும் பயமாக இருக்கிறது, ஒவ்வொரு நாளும் காதால்தான் உயிர் வாழ்கிறோம் என்று மட்டும் சொன்னேன். அவர் தூரிகையை எடுத்துக் கழுவி வைத்தார். பிறகு, “போன எடு. திகதி கேளு,” என்றார்.

வார்டுத் தாதிக்குத் தமிழ் நன்றாக வந்தது. அண்ணனை அவருக்கு நினைவிருந்தது. “ரெண்டு தரம் பயந்து ஓடின ஐயாதானே? இந்த முறை கையப் பிடிச்சுக் கூட்டிட்டு வாங்க,” என்று சொல்லி, ஜூலை பதினேழாம் திகதியைக் கொடுத்தார்.

எஞ்சிய நாட்களில் அண்ணன் வண்டியில் எதையும் புதிதாகச் சேர்க்கவில்லை. பெட்டியோடு வந்த சாரதி பொம்மை ஒன்று பாக்கி இருந்தது. அதற்கு மட்டும் வர்ணம் பூசி, ஒரு போத்தல் மூடியின்மேல் நிறுத்தினார். வண்டியில் சாரதி உள்ளே இறங்கும் மூடியைத் திறந்தே விட்டார். “இவரத் திரும்பி வந்து ஏத்துறேன்,” என்றார். அண்ணி அதைக் கேட்டுவிட்டு உள்ளே போய், நெடுநாளைக்குப் பிறகு ரேடியோவைப் போட்டார்.

பதினாறாம் திகதி மாலை நாலரை மணியளவில் அண்ணன் தூரிகைகளைக் கழுவிக்கொண்டிருந்தார். கிண்ணத்தில் தூரிகை தட்டும் சத்தம் கேட்டது. பிறகு கிண்ணம் விழும் சத்தம் கேட்டது. நாங்கள் போனபோது நெஞ்சைப் பிடித்தபடி கதிரையில் நேராக உட்கார்ந்திருந்தார். முகமெல்லாம் வியர்வை. நான் போன் எடுத்ததும் ஹாஜியாரின் வேன் சில நிமிடங்களில் வந்துவிட்டது. அலுவலகம் விட்ட வாகனங்களால் ஆற்றுப் பாலத்தில் நெரிசல். ஹாஜியார் ஹோர்னில் வைத்த கையை எடுக்கவேயில்லை. அண்ணி அண்ணனின் தலையை மடியில் வைத்து, “என்னங்க?” என்று கேட்டுக்கொண்டே வந்தார். அண்ணன் இரண்டு முறை “ம்” என்றார். பிறகு என்னைப் பார்த்து, “பைய எடுத்தியா?” என்று கேட்டார். எடுத்தேன் என்று சொன்னேன். பை வீட்டு வாசலிலேயே இருந்தது. ஆஸ்பத்திரி வாசலுக்குப் போவதற்கு முன் அண்ணன் போய்விட்டார்.

அந்த நேரத்திலும் அதற்குப் பின்னும் எங்களோடு நின்றவர்களை மறக்க முடியாது. வேன் ஓட்டியதோடு நில்லாமல், சவப்பெட்டி, பந்தல், கதிரைகள் என்று எல்லாவற்றுக்கும் அலைந்த ஹாஜியார்; சாப்பாடு சமைத்துக் கொடுத்த பக்கத்து வீட்டுச் சிங்களச் சகோதரி; புசல்லாவையிலிருந்து மழையில் பஸ் பிடித்து வந்த உறவுகள்; அண்ணன் செய்த பற்களோடு வந்து அழுதவர்கள்; கிரியைகளை முறையாக நடத்தித் தந்த ஐயர்; எல்லோருக்கும் எங்கள் குடும்பத்தின் நன்றி. வண்டி அதே மேசையில் இருக்கிறது. அண்ணி இப்போது அதை யாருக்காகவும் மூடுவதில்லை. சாரதி இன்னும் போத்தல் மூடியின்மேல் நிற்கிறார். அவரைத் தொட அண்ணன் மகனுக்கும் மனம் வரவில்லை.

அந்தப் பதினேழாம் திகதி காலை ஆஸ்பத்திரியிலிருந்து அண்ணனை வீட்டுக்குக் கொண்டுவர ஆட்கள் புறப்பட்டுக்கொண்டிருந்தார்கள். நான் முதல் வேலையாக வார்டுக்குப் போன் எடுத்தேன். அதே தாதிதான் பேசினார். நான் யார் என்று சொன்னதும், மேற்கொண்டு சொல்ல விடாமல், “ஐயா இந்த முறையும் பயந்துட்டாரா?” என்று கேட்டார்.

“இல்ல மிஸ்,” என்றேன். “பை வாசல்ல இருக்கு. அண்ணன் வரத்தான் இருந்தாரு. நேத்து பின்னேரம் தவறிட்டாரு. காத்திருக்கிற வேற யாருக்காவது அந்தக் கட்டிலக் குடுத்துருங்க.”