உயர்ந்த கைகள்

கல்யாணங்களில் டிஜேவாகப் பாட்டு போடும் நான், கல்லூரி இசை மாணவர்களுக்கும் அதைக் கற்றுத்தருகிறேன். "என்ன நடந்தாலும் பாட்டு நிக்கக் கூடாது" என்பதுதான் என் முதல் பாடம்.

அன்று டத்தோ கிராமாட் வட்டாரத்து மண்டபம் ஒன்றில் கல்யாண விருந்து. ஹெட்போனில் அடுத்த பாட்டைக் கேட்டுக்கொண்டிருந்தேன். கூட்டம் என்னைப் பார்த்துக் கைகளை வீசியது. உற்சாகம் என்று நினைத்துச் சத்தத்தை இன்னும் ஏற்றினேன்.

உடன் வந்திருந்த என் மாணவி கவிதா பாய்ந்து, ஒரே இழுப்பில் சத்தத்தை இறக்கினாள். "சார், அவங்க ஆடல லா! ஒருத்தர் விழுந்து கெடக்குறாரு!"

அதன் பிறகுதான் அவர் மனைவியின் அலறல் கேட்டது: "டாக்டர் யாராச்சும் இருக்கீங்களா?" எவ்வளவு நேரமாகக் கத்தினாரோ!

பின்வரிசையிலிருந்து ஒரு நர்ஸ் ஓடிவந்தார். மனிதர் பிழைத்துக்கொண்டார்.

இன்றும் கூட்டம் கை உயர்த்தினால் முதலில் சத்தத்தைக் குறைப்பேன். ஆடுகிறார்களா, அழைக்கிறார்களா என்று முகங்களைப் பார்த்த பிறகுதான் மீண்டும் ஏற்றுவேன்.