கரியாலூர் மேட்டுக்கு ஐந்து லிட்டர் ஆயில்

காலை 6.10. உளுந்தூர்பேட்டையில் கள்ளக்குறிச்சி பஸ்ஸில் ஏறி ஜன்னலோரம் உட்கார்ந்தேன். உள் ஒதுக்கீடு கேட்டு ஊர் ஊராகப் போராட்டம் நடந்துகொண்டிருந்த மார்கழி அது. பொங்கலுக்கு ஐந்து நாள் இருந்தது. பஸ்ஸை எடுப்பார்களா மாட்டார்களா என்று யாருக்கும் தெரியவில்லை. ஓட்டுநர் டீக்கடையில் நின்று போன் பேசிக்கொண்டிருந்தார். இரண்டு முறை இறங்கிப் போய்க் கேட்டேன். மூன்றாம் முறை போனபோது அவரே முந்திக்கொண்டார்.

"பெரியவரே, எலவனாசூர்கிட்ட ரோட்ல குந்திக்கினு இருக்காங்களாம். எழுந்ததும் எடுத்துடுவேன். நீங்க அலையாதீங்க, போய்க் குந்துங்க."

முப்பது வருஷத்துக்கும் முந்தைய போராட்டத்தில் மரங்களை வெட்டிச் சாலையில் போட்டிருந்தார்கள். நான் அப்போது வேலைக்கு நடந்தே போனேன். இந்தத் தடவை ஆட்கள் மட்டும்தான் உட்கார்ந்திருக்கிறார்கள், ஆட்கள் எப்படியும் எழுந்துவிடுவார்கள் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். சொல்லிக்கொண்டதால் மனம் ஒன்றும் ஆறவில்லை.

அவசரத்துக்குக் காரணம் இருந்தது. என் மகள் மலர்விழியும் மாப்பிள்ளை சேகரும் கல்வராயன் மலையில், கரியாலூருக்கு அருகே ஒரு ஏக்கர் சரிவைக் குத்தகைக்கு எடுத்திருந்தார்கள். மலை பார்க்க வருகிறவர்களுக்கு அங்கே நாலு சக்கர பைக் ஓட்ட விடுகிறார்கள். நான்கு குண்டு டயர், மோட்டார் பைக் போலக் கைப்பிடி, ஓட்டுகிறவருக்கு மட்டும் சீட்டு, நானூறு சிசி என்ஜின். புதுச்சேரிக் கடற்கரை மணலில் ஓட்டிக்கொண்டிருந்த ஒருவரிடம் பழைய வண்டி விலைக்கு வாங்கியது. இருப்பது அந்த ஒரு வண்டிதான்.

முந்தின நாள் மலர் போன் செய்தாள். "அப்பா, வண்டி மேட்டுல ஏற மாட்டேங்குது. சத்தம் மட்டும் எகிறுது, சக்கரம் நகரல."

நோய்த்தொற்றுக் காலத்தில் திருப்பூர் பனியன் வேலையை விட்டு வந்தவர்கள். காணும் பொங்கல் கூட்டத்தை நம்பித்தான் மலையில் இருக்கிறார்கள். அன்றைக்கு வண்டி நின்றால் இதை விற்றுவிட்டுத் திருப்பூருக்கே போய்விடலாம் என்று சேகர் சொல்லிவிட்டாராம். மலருக்குப் போக மனமில்லை. அது அவள் குரலில் தெரிந்தது.

நான் ஒரு சர்க்கரை ஆலையின் ஸ்டோரில் முப்பத்தொரு வருஷம் ஆயில் பீப்பாய்களை எண்ணிக்கொண்டிருந்தவன். "நல்ல ஆயிலா பாத்து பஸ்ல போட்டு வுடுப்பா" என்றுதான் அவள் கேட்டாள். பஸ் பாதியில் நின்றுவிட்டால் டப்பாக்கள் யார் பொறுப்பு? அதனால் நானே கிளம்பினேன்.

7.25. பஸ் நகர்ந்தது. 38 கிலோமீட்டர், டிக்கெட் 28 ரூபாய். எலவனாசூர் அருகே சாலையோரம் கொடிகளைச் சுற்றிக் கக்கத்தில் வைத்துக்கொண்டு ஆட்கள் இட்லி சாப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். ஒருவர் கையைக் காட்டிப் போகச் சொன்னார். பத்தரைக்கு மறுபடி உட்காருவார்கள் என்று நடத்துநர் சொன்னதும் திரும்பி வரும் கவலை இப்போதே பிடித்துக்கொண்டது.

9.00. கள்ளக்குறிச்சி. பஸ் நிலையத்திலிருந்து நடக்கும் தூரத்தில் ஆயில் கடை. கடைக்காரர் பாய்க்கு ஐம்பது வயதிருக்கும். அப்போதுதான் பாதி ஷட்டரைத் தூக்கியிருந்தார்.

"இன்னா வண்டி சார்?"

"நாலு சக்கர பைக். மலையில் ஓடுவது."

"டிராக்டரா?"

"இல்லை பாய். பைக்தான், சக்கரம் மட்டும் நாலு."

"அதான் கேட்டேன். மிச்ச ரெண்டு சக்கரத்துக்கு நான் ஆயில் தர முடியாது." சிரிக்காமல் சொன்னார்.

வண்டியோடு வந்த புத்தகத்திலிருந்து மலர் போட்டோ எடுத்து அனுப்பியிருந்தாள். பத்து டபிள்யூ நாற்பது என்று எண் போட்டிருந்தது. முதல் எண் குளிரில் ஆயில் எவ்வளவு இளகி ஓடும் என்பதற்கு; சிறியதாக இருந்தால் நல்லது. இரண்டாவது எண் சூட்டில் எவ்வளவு கெட்டியாக நிற்கும் என்பதற்கு. பாய் அதே எண் போட்ட டப்பா ஒன்றை எடுத்து வைத்தார். லிட்டர் 480 ரூபாய். பளபளவென்று தங்க நிற டப்பா. திருப்பிப் பார்த்தேன். கார் ஆயில்.

இங்கேதான் தயங்கினேன். காரில் என்ஜினுக்குத் தனி ஆயில், கியருக்குத் தனி ஆயில், கிளட்ச் நனையவே நனையாது. பைக்கிலும் இந்த நாலு சக்கர வண்டியிலும் மூன்றுக்கும் ஒரே ஆயில். கிளட்ச் பிளேட்டுகள் அதில் மூழ்கித்தான் கிடக்கும், நனைந்துகொண்டே ஒன்றை ஒன்று கவ்வ வேண்டும். புதுக் கார் ஆயில்களில் வழுக்கலுக்கென்றே மருந்து சேர்க்கிறார்கள். அது பிளேட்டுகளைக் கவ்வ விடாது. பைக் ஆயில் என்றால் டப்பாவின் பின்பக்கம் எம்.ஏ. என்ற இரண்டு எழுத்து இருக்கும்.

"இதே எண்ணில் எம்.ஏ. போட்டது இருக்கிறதா பாய்?"

"லோடு வரல சார். ரோடு மறிச்சிக்கினே இருக்காங்க, எங்க வரும்? இருவது டபிள்யூ அம்பதுதான் கீது. புல்லட்டுக்குப் போடறது. முந்நூத்தி அறுவது."

எண் பொருந்தினால் இனம் பொருந்தவில்லை. இனம் பொருந்தினால் எண் பொருந்தவில்லை. மார்கழிக் குளிரில், மலையில், கெட்டி ஆயில் என்ஜினின் மேல் பாகத்துக்கு ஏறத் தாமதமாகும். அது வேறு வகைத் தேய்மானம். கடை வாசலில் இங்கும் அங்கும் நடந்தேன். பாய் கூட்டிப் பெருக்கி, ஊதுபத்தி ஏற்றி, எனக்கும் சேர்த்து டீ சொன்னார்.

"நின்னுக்கினே இருந்தா ரெண்டும் மாறாது சார். உக்காந்து முடிவு பண்ணுங்க."

கிளட்ச் கவ்வினால்தான் வண்டி மேடு ஏறும் என்று ஐந்து டப்பா கெட்டி ஆயிலும் ஒரு பில்டரும் வாங்கினேன்.

10.50. கரியாலூர் வழியாகப் போகும் வெள்ளிமலை பஸ், டிக்கெட் 34 ரூபாய். பையை மடியில் வைத்துக்கொண்டேன். கச்சிராயபாளையம் வரை இரு பக்கமும் கரும்பு. அதற்குப் பிறகு சாலை ஏறத் தொடங்கும். ஏறும்போது டப்பா மூடிகள் கசிகின்றனவா என்று வளைவுக்கு வளைவு தொட்டுப் பார்த்தேன். பக்கத்தில் சங்கராபுரத்து விவசாயி ஒருவர், மாட்டு வியாபாரத்துக்காக மேலே போகிறவர், கொஞ்ச நேரம் பொறுத்துப் பார்த்தார்.

"இன்னா சார் அது, நெய்யா?"

"என்ஜின் ஆயில்."

"அதையா இப்படிக் கொழந்த மாதிரி தடவிக் குடுத்துக்கினு வறீங்க?" என்றார். பிறகு அவராகவே தொடர்ந்தார். "நேத்து நானும் ரோட்ல குந்தினேன். எம் பொண்ணு நர்ஸு படிப்புக்கு ரெண்டு வருசமா எழுதிப் போடுது. ஒரு மார்க்கு, அர மார்க்குல போயிடுது. குந்தினா கெடைக்குமான்னு தெரியாது. குந்தலன்னா வூட்ல அவ மூஞ்சியப் பாக்க முடியல."

பையை ஒருபக்கம் நகர்த்தி அவருக்கு இடம் விட்டேன்.

மதியம் 1.15. கரியாலூர். இறங்கியதும் காற்று சில்லென்று இருந்தது. இருபது டபிள்யூ என்று மனம் ஒரு முறை முனகியது. மலர் பஸ் நிறுத்தத்துக்கே வந்திருந்தாள். "சாப்டியாப்பா?" என்றாள். "பழைய ஆயிலை இறக்கிவிட்டீர்களா?" என்றேன்.

சாப்பிடாமலே கொட்டகைக்குப் போனோம். சேகர் வண்டியின் அடி போல்ட்டைக் கழற்றினார். கறுப்பாக, தண்ணீர் போல ஓடி வந்தது. விரலில் தேய்த்துப் பார்த்தேன். ஒட்டவே இல்லை.

"எப்போது மாற்றியது மாப்பிள்ளை?"

"வாங்கின வுடனே மாத்திட்டேன் மாமா. அதுக்கப்பறம் மீட்டர்ல முந்நூறு கிலோமீட்டர்கூட ஓடல. பைக்குக்கே ரெண்டாயிரத்துக்கு ஒரு தரம்தான மாத்துவாங்க."

"என்ன ஆயில்?"

மூலையிலிருந்து காலி டப்பாவை எடுத்துக் காட்டினார். தங்க நிறம். "புஸ்தகத்துல போட்டிருந்த அதே நம்பர்தான் மாமா. கடையில இருந்ததுலயே வெல ஜாஸ்தி. கம்மி வெலையில வாங்கினா நல்லா இருக்காதுன்னு..."

அவரைக் குறை சொல்ல வாய் வரவில்லை. எண்ணைப் பார்த்து வாங்கியவர். எண்ணுக்குக் கீழே இன்னும் எழுதியிருக்கும் என்று யார் நினைப்பார்கள்? இது கார் ஆயில், கிளட்சை வழுக்கவிடும் என்று சொன்னேன். கேட்டுக்கொண்டு முகத்தைத் துடைத்தார்.

"அப்ப நான்தான் கெடுத்தேனா?"

"வழுக்கவிட்டது ஆயில். பிளேட் எரிந்துவிட்டதா, வெறுமனே ஊறியிருக்கிறதா என்பது ஊற்றிப் பார்த்தால்தான் தெரியும்."

பிளேட் எரிந்திருந்தால் சென்னையிலிருந்து வர வேண்டும். அந்தச் சாலைகளில், அந்த வாரத்தில், பொங்கலுக்குள் வராது. மூவருக்கும் அது தெரியும்.

பழைய பில்டரைத் தூக்கிப் போட்டுப் புதியதை மாட்டி, இரண்டு லிட்டர் ஊற்றினோம். மலர் சமதரையில் மெதுவாக ஓட்டினாள். இருபது நிமிடத்துக்குப் பிறகு மேட்டில் திருப்பினாள். பாதி வரை ஏறியது. பிறகு என்ஜின் அலறியது, வண்டி நின்ற இடத்திலேயே நின்றது. சேகர் தலையைக் குனிந்துகொண்டார்.

மலர் இறங்கி வந்து நேராக அடி போல்ட்டைக் கழற்றத் தொடங்கினாள்.

"என்ன செய்கிறாய்? இது புது ஆயில்."

"உள்ள பழசு ஒட்டிக்கினு இருக்கும்பா. இது கழுவின தண்ணி. கொட்டிட்டு மறுபடி ஊத்தறேன்."

"அப்புறம் மிச்சம் ஒரே லிட்டர்தான். கூட்ட நாளில் கசிந்தால், குறைந்தால்? கீழே போய் வாங்க பஸ் இருக்குமா?"

"வண்டியே ஏறலன்னா மிச்சத்த வெச்சி இன்னா பண்றது, தலையில தேச்சிக்கறதா?"

கொட்டினாள். அடுத்த இரண்டு லிட்டர் உள்ளே போயிற்று. இந்த முறை மேட்டில் முக்கால் வரை சீராக ஏறியது. உச்சிக்குப் பக்கத்தில் லேசாக வழுக்கி, முனகி, ஏறிவிட்டது. இறங்கி வந்த மலர் சிரிக்கவில்லை. பிளேட்டில் பாதி உயிர் இருக்கிறது என்றேன் நான். மேடு ஏற்றாமல் சமதரையில் மட்டும் ஓட்டினால் பொங்கல் தாண்டும், அதன் பிறகு பிளேட் வந்துவிடும்.

"மேடு இல்லன்னா யாரு மாமா வருவாங்க?" என்றார் சேகர். "சமதரையில சுத்தறதுக்கு வூட்லயே ஸ்கூட்டர் ஓட்டலாமே."

"பாக்கலாம்" என்றாள்.

மாலையில் அடுத்த முறை எப்போது மாற்றுவது என்ற பேச்சு வந்தது. புத்தகம் ஆயிரம் கிலோமீட்டர் என்கிறது. தூசியில் ஓட்டினால் அதற்கு முன்பே மாற்று என்கிறது. முன்பே என்றால் எப்போது? எனக்கு அப்படி எழுதுகிறவர்கள்மேல் கோபம் வரும். இந்த வண்டி முதல் கியரில், வெயிலில், ஒரே வட்டத்தில் உறுமிக்கொண்டிருக்கிறது. மீட்டர் நகராது, ஆயில் வெந்துவிடும். மணிக்கணக்கு வைக்க வேண்டும் என்றேன். யார் கடிகாரம் பார்ப்பது என்றார் சேகர்.

"பெட்ரோல எண்ணலாம்பா," என்றாள் மலர். "கீழேர்ந்து அஞ்சு லிட்டர் கேன்லதான கொண்டாறோம். எவ்ளோ நேரம் ஓடுதோ அவ்ளோ பெட்ரோல் குடிக்கும். வாங்கினதுலேர்ந்து பதினேழு கேன் ஊத்திட்டோம்."

ஒரு கேனுக்கு இரண்டரை மணி நேரம் வைத்துக் கணக்குப் போட்டேன். நாற்பது மணி நேரத்துக்கு மேல். பாதியிலேயே மாற்றியிருக்க வேண்டும். எட்டு கேனுக்கு ஒரு முறை ஆயில், இரண்டாம் முறை பில்டரும் என்று முடிவாயிற்று. சேகர் கொட்டகைத் தூணில் கரியால் முதல் கோடு போட்டார். அப்படியென்றால் இங்கேயே இருக்கப் போகிறாரா என்று கேட்க நினைத்தேன்.

மறுநாள் காலை 8.40. கீழே இறங்கும் பஸ். உளுந்தூர்பேட்டையில் என் வீட்டைத் தாண்டி இரவும் பகலும் லாரிகள் போகின்றன. எது நின்றாலும் எது கெட்டாலும் நான் திரும்பிப் பார்த்ததில்லை. முந்தின நாள் மலையில் ஒரே ஒரு வண்டி, அதுவும் என்னுடையது அல்ல, அதன் சத்தத்துக்கு உடம்பெல்லாம் காதாகி உட்கார்ந்திருந்தேன். வருகிறவர்களை மலர் மேட்டில் ஏற விடுவாளா என்பதுதான் கிளம்பும்போதும் என் கவலை. இரண்டு முறை கேட்டேன், இரண்டு முறையும் "பஸ்ஸு போயிடும்பா" என்றாள்.

முதல் கொண்டை ஊசி வளைவுக்கு முன் சாலை அவர்கள் சரிவுக்கு மேலாகப் போகிறது. எழுந்து நின்று பார்த்தேன். மூன்று இளைஞர்கள் வந்திருந்தார்கள். ஒருவன் வண்டியில் உட்கார்ந்தபடி மேட்டை நோக்கிக் கை நீட்டினான். மலர் போய்ச் சாவியைத் திருப்பி எடுத்து, சமதரையைக் காட்டினாள். அவன் ஏதோ பேசினான். அவள் அசையவில்லை. அவன் இறங்கித் தன் பைக்கை நோக்கி நடந்தான். மற்ற இருவரும் தயங்கி நின்றார்கள். சேகர் அவன் பின்னால் ஓர் எட்டு வைத்தார். பிறகு நின்றுவிட்டார். அவனைக் கூப்பிடவில்லை.

பஸ் வளைவில் திரும்பியது. உட்கார்ந்தேன்.