இப்ராஹிம் சாரின் திங்கட்கிழமை

சத்திரம் பேருந்து நிலையத்துக்கு எதிரே ஒரு கடையில் உறிஞ்சுகுழல் வாங்க நின்றிருந்தேன். வளைகிற வகைதான் வேண்டும். நேரான குழல் இப்ராஹிம் சாரின் வாய்க்குள் போகாது. கடைக்காரர் உள்ளே தேடிக்கொண்டிருந்தபோது கைப்பேசி அடித்தது. அவருடைய மகன் ரியாஸ். “மாமா, அத்தா மௌத்தாயிட்டாங்க” என்றான். தகப்பன் இறந்த செய்தியைச் சொல்லிவிட்டு வைத்துவிட்டான். கடைக்காரர் ஒரு கட்டு குழல் எடுத்துவந்து, “வளையறதுதானே கேட்டீங்க, இந்தாங்க” என்றார். வாங்கிக்கொண்டேன். ஸ்ரீரங்கத்தில் என் அலமாரியில் அது பிரிக்காமல் இருக்கிறது.

நீங்கள் படித்த நம் பள்ளியில் அவர் வேதியியல் ஆசிரியர், நான் வரலாறு. அவரிடம் படித்தவர்களுக்கு அவருடைய சமன்பாடுகள் மறந்திருக்கலாம். திங்கட்கிழமை மறந்திருக்காது. இறைவணக்கம் முடிந்ததும் கையில் டார்ச் விளக்கோடு வகுப்பு வாசலில் நிற்பார். ஒவ்வொருவனும் அவர் முன் நின்று, “ஆ” காட்டிவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். பாக்கு, புகையிலைப் பொட்டலம் எதைப் போட்டிருந்தாலும் கண்டுபிடித்துவிடுவார்.

“ஏலக்கா சார்” என்றான் ஒருவன்.

“ஏலக்காய்க்கு எங்கேடா நாக்கு சிவக்குது? புதுசா ஏதும் ஏலக்கா கண்டுபிடிச்சிருக்கியா? சொல்லு, உன் பேரைப் புஸ்தகத்துல போட்டுடலாம்.”

அடிக்க மாட்டார். குழாயடிக்கு அழைத்துப்போய், அவன் வாய் கொப்பளித்து முடிக்கும்வரை பக்கத்திலேயே நிற்பார். ரியாஸும் நம் பள்ளியில்தான் படித்தான். ஒரு திங்கட்கிழமை, “அத்தா, நானுமா?” என்று முனகினான். “இங்க அத்தா இல்லை, சார். ஆ காட்டு” என்றார். வரிசை முழுக்கச் சிரித்தது.

இந்தப் பிடிவாதம் எங்கிருந்து வந்தது என்று ஒருமுறை கேட்டேன். உறையூரில் அவருடைய தந்தைக்குச் சுருட்டுக் கொட்டகை இருந்தது. இலை வாங்கி, பதம் போட்டு, ஆள் வைத்துச் சுருட்டி விற்ற குடும்பம். “எங்களுக்குச் சோறு போட்டது அந்த இலைதான் சார். பதிலுக்கு அது என்ன கேக்கும்னும் எங்க வீட்டுக்குத் தெரியும்” என்றார். தந்தைக்குப் பிறகு கொட்டகையை மூடியது அவர்தான். மூடிய அன்று எனக்கும் மற்ற ஆசிரியர்களுக்கும் பிரியாணி வாங்கிக்கொடுத்தார். ஒரு கடையை மூடிவிட்டு விருந்து வைத்த மனிதரை அதற்கு முன்பும் நான் பார்த்ததில்லை, பின்பும் பார்க்கவில்லை.

சுருட்டு திரும்பி வருகிறதா என்று இப்போது பலர் என்னிடம் கேட்கிறார்கள். எத்தனை பேர் பிடிக்கிறார்கள் என்று எனக்குத் தெரியாது. யார் கையில் இருக்கிறது என்பதைத்தான் பார்க்கிறேன். ஓர் உதாரணம் சொல்கிறேன். நான் வேலைக்குச் சேர்ந்த காலத்தில் முசிறி பஸ்ஸில் யாராவது சுருட்டைப் பற்றவைத்தால் பக்கத்து இருக்கைக்காரர் எழுந்து முன்னால் போய்விடுவார். அது வயதானவர்களின் பழக்கம், வாடை, இருமல். இன்று அதே சுருட்டோடு நிற்கும் படத்தைப் பிறந்தநாளுக்கு எல்லோருக்கும் அனுப்புகிறார்கள். அனுப்புகிறவர்கள் படித்தவர்கள், நல்ல வேலையில் இருப்பவர்கள். சிகரெட்டைக் கையால் தொடாதவர்கள்கூட அவர்களில் இருக்கிறார்கள்.

தில்லைநகரில் ஒரு வரவேற்புக்கு நானும் அவரும் போயிருந்தோம். சாப்பாடு முடிந்து கை கழுவி வந்தால், பீடாக் கடைக்குப் பக்கத்தில் இன்னொரு மேசை. மேலே விளக்கு அலங்காரம், மரப்பெட்டிகளில் சுருட்டு, நுனி வெட்டித்தரத் தொப்பி போட்ட ஒருவர். வரிசையில் நின்றவர்களில் பாதிப்பேர் நம் மாணவர்கள். செந்தில் என்று ஒருவன், இப்போது பொறியாளர், எங்களைப் பார்த்ததும் பள்ளிக்கூடத்துப் பையன் மாதிரி கையை முதுகுக்குப் பின்னால் கொண்டுபோனான். தோளுக்கு மேலே புகை எழும்பியது.

“பின்னாடி என்னப்பா, தலை எரியுதா?” என்றார் இப்ராஹிம் சார்.

“சார்… இது சிகரெட் மாதிரி இல்ல சார். புகையை உள்ள இழுக்கிறதே இல்ல. வாயோட சரி.”

“வாய் என்னப்பா, வாடகைக்கு எடுத்ததா?”

எல்லோரும் சிரித்தார்கள். செந்திலும்தான். ஆனால் அவன் சுருட்டை அணைக்கவில்லை. இப்ராஹிம் சார் அந்த மரப்பெட்டிகளின் பக்கம் திரும்பாமலே வெளியே வந்துவிட்டார். ஏனென்றால் பெட்டியின் மேல் அச்சிட்டிருந்தது அவருடைய தந்தையின் படம். மேசையைப் போட்டிருந்தவன் ரியாஸ்.

ரியாஸைக் குறை சொல்லி எழுத எனக்கு மனமில்லை. துபாயில் அவன் வேலை பார்த்த கம்பெனியை மூடிவிட்டார்கள். இரண்டு பெண் குழந்தைகளோடு ஊர் திரும்பினான். அங்கே பெரிய கடைகளில் சுருட்டை அத்தர் மாதிரி கண்ணாடிக்குள் வைத்து விற்பதைப் பார்த்திருக்கிறான். ஒரு காலத்தில் வெள்ளைக்காரர்கள் நம் ஊர்ப் பெயரைச் சொல்லித்தான் சுருட்டு கேட்பார்கள் என்பதும் அவனுக்குத் தெரியும். மூடிய கொட்டகையைத் திறந்தான். தகப்பன் பல மாதம் மகனோடு பேசவில்லை. பிறகு ஒருநாள் அவன் வாங்கிவந்த இலைக்கட்டின் வாடை வாசல்வரை வந்ததாம். “விக்கிறதே தப்பு. அதுலயும் பூஞ்சை பிடிச்ச இலையையா விப்பே?” என்று திட்டிக்கொண்டே உள்ளே போய் உட்கார்ந்தார். அதன் பிறகு கொட்டகையை விட்டு எழுந்திருக்கவில்லை.

இலையின் காரத்தை அறிய அந்தக் குடும்பத்தில் ஒரு வழக்கம். பதம் போட்ட இலையில் ஒரு துண்டைக் கிள்ளி இடது கன்னத்தில் அடக்கிக்கொள்வார்கள். சற்று நேரம் ஊறவிட்டு, துப்பிவிட்டு, அடுத்த கட்டுக்குப் போவார்கள். அவருடைய தந்தை அப்படித்தான் பார்ப்பார். ஓய்வுக்குப் பின் இவரும் அப்படியே பார்க்க ஆரம்பித்தார். மகனுக்கும் கற்றுக்கொடுத்தார். காலையில் கொட்டகைக்குப் போனால் இருவரும் எதிரெதிரே உட்கார்ந்திருப்பார்கள், ஒரே பக்கத்துக் கன்னம் உப்பியிருக்கும். சாயலும் ஒன்று என்பதால் பார்க்க வேடிக்கையாக இருக்கும்.

“என்ன சார், பையன்களைப் பிடிச்ச நீங்களே இப்படியா?” என்றேன்.

“ருசி பாக்கிறது வேற, திங்கிறது வேற சார். சமையல்காரர் உப்புப் பாத்தா விருந்து சாப்பிட்டதா ஆயிடுமா? அப்பப்ப துப்பிடுறேன்ல?”

“எதுக்கும் ஒரு தடவை ஆ காட்டுங்க, பாப்போம்.”

“திங்கக்கிழமை வாங்க” என்று சிரித்து வாயை மூடிக்கொண்டார்.

செந்திலுக்குத் தன் நுரையீரல் தப்பித்தது என்ற தைரியம். இப்ராஹிம் சாருக்குத் துப்பிவிட்டோம் என்ற தைரியம். ஒரே வீட்டில் ஆளுக்கொரு கதவைப் பூட்டி, மற்றதைத் திறந்துபோட்டுவிட்டு நிம்மதியாகத் தூங்குவது போலத்தான்.

முதலில் ரசம் எரிகிறது என்றார். கன்னத்தின் உள்ளே பல் குத்துகிறது என்று சொல்லி அந்தப் பல்லை எடுத்துக்கொண்டார். பல் போன பிறகும் புண் போகவில்லை. மருத்துவர் விளக்கைப் பிடித்துப் பார்த்த நேரம் மிக நீளமாக இருந்தது. நான் அருகில் இருந்தேன். துணியால் துடைத்தாலும் போகாத வெள்ளைத் திட்டாகத்தான் இந்த வாய்ப்புற்று தொடங்கும், அப்போதே யாராவது பார்த்திருந்தால் வேறு மாதிரி பேசியிருக்கலாம் என்றார் அவர். மாதங்கள் போகப்போகத் தாடை இறுகியது. ஊரில் எத்தனையோ பிள்ளைகளின் வாயைத் திறக்கவைத்தவருக்குத் தன் வாய் திறக்கவில்லை. கஞ்சி, குழல், பிறகு குழலும் வளைந்தால்தான். கடைசியாக என்னிடம் பல்லிடுக்கில் பேசியது இதுதான்: “எல்லாத்தையும் துப்பிட்டேன் சார். அது போகலை.”

அடக்கம் முடிந்து சில நாள் கழித்து வீட்டுக்குப் போனேன். அவர் மனைவி ஜைனப் வாசலிலேயே என் கையைப் பிடித்துக்கொள்ளாத குறையாக நின்றார். “அண்ணே, நீங்க சொன்னா கேப்பான். நேத்திக்கே கொட்டகையைத் திறந்துட்டான். ஏதோ பெரிய ஓட்டல்லேருந்து ஆர்டராம். அவங்க போன இடத்துல மண்ணுகூட இன்னும் காயலை.”

பின்னால் கொட்டகையில் ரியாஸ் தகப்பனாரின் இடத்தில் உட்கார்ந்து இலைக்கட்டுகளைப் பிரித்துக்கொண்டிருந்தான். “வாங்க மாமா” என்றான். குரல் குழறியது. அழுகிறான் என்று நினைத்தேன். நிமிர்ந்தான். இடது கன்னம் உப்பியிருந்தது.

“என்னப்பா இது?”

“கட்டு வந்து கெடக்கு மாமா. பாத்துக் கொடுக்க வேற ஆள் இல்ல.”

“அத்தாவுக்கு எதுல வந்துச்சு?”

“அவங்களுக்குப் பல்லு குத்திக் குத்திப் புண்ணாயிடுச்சு மாமா. சுகர் வேற. எனக்கு அதெல்லாம் இல்ல.”

அவனுடைய கதவு அது. அவனும் பூட்டி வைத்திருந்தான்.

“துப்பிட்டு வா.” போய்க் கொப்பளித்துவிட்டு வந்தான். “வாயைத் திற” என்றேன்.

“அப்புறம் பாத்துக்கலாம் மாமா. ஆளுங்க வர்ற நேரம்.”

“இன்னிக்குத் திங்கக்கிழமைப்பா.”

ரியாஸ் என்னைப் பார்த்தான். நாற்பது வயது ஆள் எழுந்து, கைகளைப் பக்கத்தில் ஒட்டவைத்து, வரிசையில் நிற்பது போல நின்றான். கைப்பேசி விளக்கைப் பிடித்தேன். இடது கன்னத்தின் உட்புறம், இலை உட்காரும் இடத்தில், சுண்ணாம்பு தடவியதுபோல் வெள்ளையாக ஒரு திட்டு. வேட்டி நுனியை விரலில் சுற்றித் துடைத்தேன். போகவில்லை.

மறுநாள் அவனை அழைத்துக்கொண்டு அதே மருத்துவரிடம் போனேன். சதையில் ஒரு துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார். இதை எழுதும்வரை முடிவு வரவில்லை. கொட்டகை பூட்டியிருக்கிறது, சாவி ஜைனப்பிடம். ஓட்டல்காரர்கள் தினமும் கூப்பிடுகிறார்கள் என்றும், இவன் இல்லாவிட்டால் வேறு ஊரில் ஆள் தயார் என்று சொல்கிறார்கள் என்றும் ரியாஸ் சொன்னான்.

இப்ராஹிம் சாரின் டார்ச் விளக்கைத் தரட்டுமா என்று ஜைனப் கேட்டார். அது பேரப்பிள்ளைகளிடம் இருக்கட்டும் என்றேன். அவருடைய திங்கட்கிழமையை நான் வைத்துக்கொள்கிறேன். அவரை அறிந்த நீங்கள் யாரும் என் வீட்டுக்கு வந்தால், காபிக்கு முன்னால் நான் கேட்கப்போவது ஒன்றுதான். செந்திலுக்குச் சொல்லி அனுப்பியிருக்கிறேன். அவன் இன்னும் வரவில்லை.